வரிசையில் இல்லாத கடிதம்

அந்த நிறுவனத்தில் எனக்குத் தபால்காரம்மா என்று பெயர். வேலைக்கு எடுத்த ஆணையில் 'கணினி அமைப்பு மேலாளர்' என்று பெரிதாகத்தான் போட்டிருந்தது. மேலாள்வதற்கு எனக்குக் கீழே ஒரு ஆள்கூடக் கிடையாது. மண்ணையும் நீரையும் வானிலையையும் ஆராய்கிற அந்த இடத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். அவர்கள் எழுதும் மின்கடிதங்களை வெளியே அனுப்புவதும், வந்ததைப் பிரித்துக் கொடுப்பதும்தான் என் வேலை. பேர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்றைக்கு விரலை வைத்தால் கடிதம் போய்விடுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. எங்கள் கணினி ஒரு நாளைக்கு இரண்டு முறை, காலை ஆறரைக்கும் பிற்பகல் இரண்டுக்கும், மோடம் வழியாகத் தலைநகரில் இருந்த இன்னொரு கணினியைத் தொலைபேசியில் கூப்பிடும். அது எடுத்தால் இரண்டும் கொஞ்ச நேரம் கீச்சிட்டுக்கொள்ளும். பிறகு சேர்ந்திருக்கும் கடிதங்களை முதலில் வந்தது முதலில் என்று ஒவ்வொன்றாகத் தள்ளும். தலைநகரத்துக் கணினி கடல் தாண்டி வேறொன்றைக் கூப்பிடும், அது இன்னொன்றை. முகவரி எழுதும்போது வழியில் இருக்கிற கணினிகளின் பெயரையெல்லாம் வரிசையாக, நடுநடுவே ஆச்சரியக்குறி போட்டு எழுத வேண்டும். ஒரு பெயர் மாறினால் கடிதம் அம்போ.

எங்கள் லைன் இருபது நிமிடம் தொடர்ந்து நின்றால் பெரிய விஷயம். அறுந்துபோனால் பாதி போன கடிதம் மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. எனக்குப் பொறுமை பிறவியிலேயே குறைவு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைப் பார்த்துத்தான் சொல்வாள். ஆண்பால் பெண்பால் எல்லாம் பார்க்க மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஒரு கடிதம் போக முடியாமல் நின்றுவிட்டால் கணினியே அனுப்பியவருக்கு ஒரு சீட்டு எழுதும்: உங்கள் கடிதம் இன்ன காரணத்தால் போகவில்லை என்று. இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நேர்மையானவர்கள். கடிதம் தொலையலாம், தொலைந்தது அனுப்பியவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை நான் நிறுத்தி வைத்திருந்தேன். சீட்டு வந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு விஞ்ஞானி என் மேஜைக்கு முன்னால் நிற்பார். நான்தான் அவர் கடிதத்தை வழிமறித்துத் திருப்பி அனுப்பியவள் மாதிரி சண்டை போடுவார். நாலு பேரிடம் பேச்சு வாங்கிய பிறகு ஒரு வரியை மாற்றினேன், சீட்டு வருவது நின்றது. அறையும் அமைதியானது.

நூலகர் என் அறைக்கு முதன்முதலில் வந்தது ஒரு மழை நாளில். ஐம்பத்தாறு வயது, இஸ்திரி குலையாத சட்டை, நூலகத்தில் யாராவது இருமினால்கூட நிமிர்ந்து பார்க்கிற மனிதர். அவர் வீட்டுக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே மகள், தானே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனாள். இவர் பேச்சை நிறுத்தினார். அடுத்த வருடம் மனைவி படுத்த படுக்கையாகி இறந்தார். மகளுக்கு எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் தகவல் போனது. அது நடந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

பிளாஸ்டிக் உறைக்குள் நாலு காகிதம் வைத்திருந்தார்.

"இதைக் கம்ப்யூட்டர்ல படமா எடுக்க முடியுமாம்மா? என் வீட்டுக்காரி எழுதினது. பொண்ணுக்கு அனுப்பணும்."

"தபால்ல போடலாமே சார்?"

"தொலைஞ்சிடுச்சுன்னா?" என்றார். "இதுல தொலையாதுன்னு சொல்றாங்க."

அப்போது எங்கள் எழுத்துக்குக் கணினியில் இடம் கிடையாது. சொந்த பாஷையையே ஆங்கில எழுத்தில் உடைத்துத்தான் அடிக்க வேண்டும். அந்த அம்மாவின் கையெழுத்து மகள் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் படமாகத்தான் போக வேண்டும். நான் ஸ்கேனரைத் திறந்தேன்.

"படிக்க வேண்டாம்மா" என்றார் மெதுவாக. அதனால் நான் காகிதத்தைப் பார்க்காமல் திரையில் ஓடுகிற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நாலு பக்கத்தையும் எடுத்து முடித்தேன். ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டு, என் கணினியில் இருந்ததை அவர் எதிரிலேயே அழித்தேன்.

"ரொம்பப் பெரிசா இருக்கு சார். ஒரே மூச்சுல போகாது. நீங்க லெட்டர் எழுதி முடிச்சதும் சொல்லுங்க, நான் துண்டு துண்டாப் பிரிச்சு அனுப்பித் தரேன்."

தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினார் என்று பிறகு தெரிந்தது. எழுதி முடித்ததும் என்னிடம் சொல்லவில்லை. சொந்த விஷயத்துக்கு ஒரு பெண்ணை இரண்டாவது தடவை தொந்தரவு செய்வானேன் என்று கூச்சம். கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எப்படி இணைப்பது என்று தானே படித்து, நாலு படத்தையும் ஒரே கடிதத்தில் சேர்த்து நூலகக் கணினியிலிருந்து அனுப்பிவிட்டார். புத்தகத்தைப் பார்த்து எதையும் கற்றுக்கொண்டுவிடலாம் என்பது நூலகர்களின் நம்பிக்கை.

அது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமைக்குள் நிறுவனமே என் அறை வாசலில் நின்றது. ஒரு கடிதமும் வெளியே போகவில்லை. எங்கள் தலைவர் மணியைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் கடிகாரம்தான். அவருடைய கருத்தரங்கக் கட்டுரை அன்றைக்குள் போயாக வேண்டும். கட்டைச் சுவர் மாதிரி வழியை அடைத்துக்கொண்டு எது நிற்கிறது என்று பார்த்தேன். வரிசையின் தலையில் ஒரு பெரிய உருப்படி இருந்தது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் லைன் கேட்கிற அளவு. மறுபடி மறுபடிக் கூப்பிட்டுப் பதினொரு தடவை முயன்று பதினொரு தடவையும் பாதியில் அறுந்திருந்தது. பின்னால் அறுபது கடிதங்கள் காத்துக்கொண்டிருந்தன.

வரிசையில் பெயர் தெரியாது, ஒரு எண்ணும் அளவும் மட்டும்தான் தெரியும். இவ்வளவு பெரிதாக அனுப்புகிறவர்கள் எங்கள் இடத்தில் வானிலைப் பிரிவுக்காரர்கள்தான். மேகத்தைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள், எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்கள். இன்னும் ஒரு கட்டளை, இரண்டே எழுத்து, தட்டியிருந்தால் அனுப்பியவர் யார் என்று காட்டியிருக்கும். கடிகாரம் பக்கத்தில் நின்று மணி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வானிலைக்காரர்கள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேகம் நாளைக்கும் வரும் என்று சொல்லிக்கொண்டே அழித்தேன்.

இரண்டு மணிக்கு அறுபது கடிதமும் ஒன்பது நிமிடத்தில் போய்விட்டன. கடிகாரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்று மணிக்கு நூலகர் வாசலில் நின்றார்.

"என் லெட்டர் போயிடுச்சாம்மா?"

எழுதிவிட்டாரா என்று எனக்கு ஆச்சரியம். படத்தைச் சேர்த்திருப்பார் என்று நினைக்கவே இல்லை. முதலில் இரண்டு வரி எழுதிப் பார்த்திருக்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். திரையைப் பார்த்தேன். வரிசை காலி.

"எல்லாம் போயிடுச்சு சார். ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

வரிசையில் இல்லை என்றால் போய்விட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசுவோம். அன்று காலை என் கையாலேயே ஒன்று போகாமலே வரிசையை விட்டுப் போயிருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்து, "இது உன்னோடது" என்று மேஜையில் வைத்தார். கடன் வாங்கிய புத்தகத்தைக் குறித்த நாளுக்கு முன்னால் திருப்புகிற மனிதர். ஃப்ளாப்பிக்குப் பஞ்சமான காலம். அன்று சாயங்காலமே அதைத் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் வருவார். "ஏதாவது வந்துச்சாம்மா?" "இல்ல சார்." முதல் வாரம் கேலியும் பேசினேன். "வெளிநாட்டுக்குப் போனா பதில் போடற பழக்கமே விட்டுப்போயிடும் சார், என் தம்பியும் அப்படித்தான்." அவரும் சிரித்தார். இரண்டாவது மாதம் வாரத்துக்கு ஒரு தடவை என்று ஆனது. பிறகு வாசலுக்கு வந்து கேட்காமலே என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறதே, என்ன மகள் இவள் என்று எனக்கு அந்தப் பெண் மேல் கோபம்கூட வந்தது. எனக்கு யார் மேல்தான் கோபம் வராது, என்னைத் தவிர. ஆறாவது மாதம் அவர் வருவது நின்றது.

பதினோராவது மாதம் எங்களுக்கு நிரந்தர லைன் வந்தது. மோடம் கூப்பிட வேண்டாம், அறுந்து அறுந்து ஒட்ட வேண்டாம், இருபத்துநாலு மணி நேரமும் திறந்தே இருக்கும். சுவரில் துளை போட்டு சாம்பல் நிறக் கேபிளை இழுத்து வந்தார்கள். கடிகாரம் என்னிடம் பழைய முறையில் ஒரு வருடத்தில் எத்தனை கடிதம் போனது, எத்தனை தவறியது என்று அறிக்கை கேட்டார். மேலிடத்தில் காட்டிப் பெருமைப்பட வேண்டுமாம். பதிவேட்டுக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்து வந்தேன்.

அந்தப் புதன்கிழமையில் வந்து நின்றேன். பதினொரு முயற்சி, பதினொரு தோல்வி. கீழே: 'இயக்குபவரால் அழிக்கப்பட்டது. அறிவிப்பு அனுப்பப்படவில்லை.' அதற்குக் கீழே அனுப்பியவர் பெயர். வானிலைப் பிரிவு இல்லை. நூலகம்.

உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த வரியையும் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மறைக்கலாமா என்று யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவரிடம் பேச்சு வாங்குகிற பயம் இல்லை. அத்தனை மாதம் அவர் முகத்தைப் பார்த்து 'இல்ல சார்' என்று சொன்னேனே, அதுதான் உறுத்தியது. அந்தப் பெண் பதில் போடாமல் இல்லை. அவளுக்குக் கடிதமே போகவில்லை.

நூலகத்தில் அவர் தனியாக இருந்தார். அட்டை கிழிந்த புத்தகத்துக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். பெரிய கடிதம், வானிலைப் பிரிவு என்று நினைத்தது, பெயர் பார்க்காதது, சீட்டை நிறுத்தி வைத்தது, ஃப்ளாப்பியைத் துடைத்தது, ஒன்று விடாமல் சொன்னேன்.

பசைத் தூரிகையைக் கீழே வைக்கவில்லை அவர். தடவிய இடத்திலேயே மறுபடி தடவிக்கொண்டு, "அப்ப அவ வேண்டாம்னு சொல்லலையா?" என்றார்.

"இல்ல சார். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"நான் அதுல எழுதியிருந்தேன். பதில் போட்டா உடனே கெளம்பி வரேன், போடலைன்னா உனக்கு என்னைப் பார்க்க இஷ்டம் இல்லைன்னு புரிஞ்சுக்கறேன், மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன்னு."

"சார், அந்த நாலு பக்கத்தையும் எடுத்துட்டு வாங்க. இப்ப லைன் நல்லாயிருக்கு, ஒரு நிமிஷத்துல..."

"கிழிச்சுட்டேம்மா."

பசைத் தூரிகையை அப்போதுதான் கீழே வைத்தார்.

"ஆறு மாசம் பார்த்தேன். அம்மா கையெழுத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை எழுதலைன்னா இனி எதுக்கு வெச்சுக்கணும்னு ஒரு கோபம். எனக்கும் கோபம் வரும், உனக்குத் தெரியாது. கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். அலுவலகத்தில் அழுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ ஒரு நிமிஷத்துல செஞ்ச தப்புக்கு அழறே" என்றார். "என் வீட்டுக்காரி அதை எழுதி என் கையில கொடுத்து, பொண்ணுக்குப் போடுங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா. நாலு வருஷம் நான்தான் போடல. போட்டாச்சான்னு கேக்க அவளும் இல்ல."

"ஏன் சார் போடல?"

"அதுல என்னைப் பத்தி இருந்துச்சு."

பிறகு அவர் எழுந்து நூலகக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாலு வருஷமா தினம் படிச்சிருக்கேன். எனக்குப் பார்க்காமலே வரும். நீ அடி" என்றார்.

அடித்தேன். ஆங்கில எழுத்தில் உடைத்து உடைத்து. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண்ணு, படுத்துக்கொண்டே எழுதுகிறேன், உனக்குப் புரியவில்லை என்றால் இரண்டு தடவை படி. நீ போட்ட மூன்று கடிதமும் வந்தன. அப்பா இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். மூன்றையும் படித்தேன், திருப்பி வைத்துவிட்டேன். உன் வீட்டு ஜன்னலில் இருந்து ஏரி தெரியும் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். உன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. அவருக்குப் பயந்து கோபம் மாதிரி இருந்தேன்.

என் விரல் நின்றது.

"நிறுத்தாதே" என்றார். "'அவருக்குப் பயந்து'ன்னுதான் இருக்கு. அப்படியே போடு. அடுத்தது, 'முப்பது வருஷம் பயந்தாச்சு, இனிமேல் என்ன பயம் என்றுதான் எழுதுகிறேன்.' போட்டியா?"

"போட்டேன் சார்."

நாலு பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆனது. இடையில் இரண்டு தடவை ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டு, இல்லை, அது இப்படி என்று திருத்தினார். கீழே என் கதையை நானே நாலு வரியில் எழுதினேன், படம் எடுத்ததும் அழித்ததும் நான் என்று. அசலுக்கு என்ன ஆனது என்பதை அவர் தன் கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். அனுப்பினேன். விசையிலிருந்து கையை எடுப்பதற்குள் போய்விட்டது. படமாக இருந்தபோது பதினொரு தடவை முட்டி மோதியும் போகாதது அது. அன்றைக்கே தோல்விச் சீட்டைத் திரும்பவும் இயக்கிவைத்தேன். விஞ்ஞானிகள் வந்து கத்தட்டும்.

நாலாம் நாள் பதில் வந்தது, அவருக்கு இல்லை, எனக்கு.

'நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அம்மா இப்படிச் சொன்னாள், அம்மாவுக்கு இது பிடிக்காது என்று அப்பாதான் சின்ன வயதிலிருந்தே சொல்வார். அம்மா வாயால் நான் கேட்டது குறைவு. இதுவும் அப்படி ஒன்றாக இருக்கலாம். நீங்கள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருந்தீர்கள். அதில் இருந்ததும் இவர் சொன்னதும் ஒன்றுதானா? அம்மா கையெழுத்து நடுங்கியிருந்ததா? அந்தப் படம் வேறு எங்காவது இருக்கிறதா?'

இதற்கு என்ன எழுதுவது? அந்த அம்மாவின் கடைசி நாலு பக்கம் என் கையில் இருந்தது. அது எத்தனை பைட் என்று இன்றைக்கும் சொல்வேன். கையெழுத்து நடுங்கியிருந்ததா என்று தெரியாது. அவர் படிக்க வேண்டாம் என்றார், நான் பார்க்கவும் இல்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். படம் எங்கும் இல்லை, நான்தான் அழித்தேன். கையெழுத்தைப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: 'அவருக்குப் பயந்து' என்ற இடத்தில் நான் அடிக்காமல் நின்றேன். அவர் அதை விட்டிருக்கலாம், எனக்கு என்ன தெரியப்போகிறது. நிறுத்தாதே என்று, அந்த வார்த்தையை இரண்டாவது தடவை சொல்லி அடிக்கவைத்தார்.

மறுநாள் காலை பதில் இருந்தது. 'அப்படியானால் அது அம்மாவுடையதுதான். அப்பாவாக எழுதினால் அந்த வரி இருக்காது. அவரை வரச் சொல்லுங்கள். எதையும் எழுதி எடுத்துக்கொண்டு வர வேண்டாம். என் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்லட்டும்.'

அச்செடுத்து நூலகத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்து முடித்ததையே திரும்பப் படித்தார்.

"கையெழுத்தைக் கேக்கலையா?"

"கேட்டாங்க சார்."

"என்ன சொன்னே?"

"நான் அழிச்சுட்டேன்னு சொன்னேன்."

அவர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாங்க ரெண்டு பேரும் அழிச்சோம்னு எழுதியிருக்கலாமேம்மா" என்றார்.

என் அறைக்குத் திரும்பிப் போய் அதையும் எழுதி அனுப்பினேன்.